சத்தமாகச் சொல்லிவிட்டு இறக்கு

அந்த அறையில் அழலாம், திட்டலாம், மேசையைக் குத்தலாம். ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் செய்யக் கூடாது. கோட்டைக் கீழே இறக்குவது.

கம்பெனிப் பணத்தில் பங்கு வாங்கி விற்கும் அறை அது. வாங்கும்போதே, "இந்த விலைக்குக் கீழே போனால் வெளியே வந்துவிடுவேன்" என்று திரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட வேண்டும். விலை அதைத் தொட்டால் கம்ப்யூட்டரே விற்றுவிடும். நஷ்டம் அதோடு நிற்கும். ஆனால் விலை கோட்டை நெருங்க நெருங்க, கை அரிக்கும். கொஞ்சம் கீழே இழுத்து விட்டால் என்ன, நாளைக்கே ஏறிவிடாதா என்று இருக்கும். இழுக்கலாம், தடையில்லை. இழுக்கும்போது "கோடு இறக்குறேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சொல்லாமல் இறக்கிய ஒருவன் இப்போது அங்கே இல்லை. அவன் நாற்காலியின் மேல் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

அறையின் தலைவி மேடம். தீப்பிடித்தால்கூட, படிக்கும் மின்னஞ்சலை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். "கோபத்தைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க" என்பாள். இதைக் கேட்கும்போதெல்லாம் மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிளகாய் என்பது இவளுக்குப் பக்கத்து மேசைக்காரன் வைத்த பெயர். அவனுக்கு இவள் வைத்தது தவளை. ஒரு பங்கில் நிலையாக உட்காராமல் தாவிக்கொண்டே இருப்பான். அவன் அப்பாவுக்கு மூன்று கடைகள். நஷ்டம் வந்தால் சிரிப்பான். சிரிக்க மாட்டானா என்ன? விழுந்தால் மெத்தை. மெத்தையில் விழுகிறவனுக்கு நிதானம் வருவதில் என்ன அதிசயம்? இவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். அந்த வாசலையும் கோபத்தால்தான் திறந்தாள். உதவித்தொகைக்கு அலைக்கழித்த குமாஸ்தாவிடம் கத்தினாள், கிடைத்தது. "உங்க வீட்ல யாரு படிச்சிருக்காங்க" என்று கேட்ட ஆசிரியரை முறைத்தபடியே பாஸ் செய்தாள். கோபம்தான் அவளுடைய முதல். அதை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னால், உள்ளே எதை வைத்து வியாபாரம் செய்வது?

மேடத்தின் இன்னொரு சட்டமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாங்கியதை வெளியே சொல்லக் கூடாது, வீட்டிலும்கூட. "சொல்லிட்டா அப்புறம் விக்கக் கை வராது" என்றாள் மேடம். தன்னைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கு வாய் அதிகம் என்று குத்திக் காட்டுவதாகத்தான் மிளகாய் எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டு, சொல்லியும் விட்டாள்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா, "நாள் பூரா அந்த டிவியையே பாத்துட்டு இருக்கியே, அதுல என்னதான்டி வேலை?" என்று கேட்டாள். டிவி என்றதும் இவளுக்குச் சுருக்கென்றது. "இன்னிக்கு ஒரு கேபிள் கம்பெனி வாங்கியிருக்கேன். ஏறும். பாத்துட்டே இரு" என்றாள், கம்பெனியின் பெயரையும் சேர்த்து.

அப்பா நிமிர்ந்தார். அவர் லிப்ட் மெக்கானிக். "அவங்க கேபிளா? இத்தனை வருஷத்துல ஒண்ணு அறுந்து நான் பாத்ததில்ல."

மறுநாள் இரவு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல். "தம்பி போன்ல நானும் வாங்கிட்டேன் பாப்பா. வண்டிக்கு வெச்சிருந்தது சும்மாதானே கெடந்துது."

பழைய வண்டி மேட்டில் ஏறும்போது அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை இவளே பார்த்திருக்கிறாள். புது வண்டிக்கென்று ஒன்றரை வருடமாகச் சேர்த்தது. "ஏன்ப்பா என்னக் கேக்கல?" என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவர் இவளுடைய தம்பியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "படிச்சவ வாக்குடா. சும்மாவா?"

இரண்டு நாள் ஏறியது. அப்பா வீட்டுக்குள் விசில் அடித்தார். மூன்றாம் நாள் காலையிலிருந்து கேபிள் இறங்கிக்கொண்டிருந்தது.

சண்டை போட ஆள் இருந்தால் மிளகாய் பிழைத்துக்கொள்வாள். விலையோடு எப்படிச் சண்டை போடுவது? அது பாட்டுக்கு இறங்கியது. கொஞ்சம் ஏறிக் கண்ணடித்தது, மறுபடி இறங்கியது. சிவப்புக் கோட்டுக்கும் விலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். வேறு எந்தப் பங்காக இருந்தாலும் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பாள். இது கைக்கு அகப்படவில்லை. இதற்குள் அப்பாவின் விசில் இருந்தது.

மௌஸால் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுத்துவிட்டு, அழுத்திய விரலை எடுக்காமல் இருந்தாள். எடுத்தால் கோடு அங்கே உட்கார்ந்துவிடும். எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும். தவளை காதில் பாட்டு மாட்டியிருந்தான். மேடம் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கலாம்தான்.

"கோடு இறக்குறேன்" என்றாள். தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது. "கேபிள்."

விரலை எடுத்தாள்.

யாரும் திரும்பவில்லை. மேடம் தலையை மட்டும் ஒருமுறை அசைத்தாள். தவளை பாட்டுக்குத் தாளம் போட்டான். ஒருவராவது "ஏன்" என்று கேட்டிருந்தால் பத்துக் காரணம் சொல்லி, கத்தி, ஜெயித்திருப்பாள். கேட்க ஆளில்லாததால் அவள் சொன்னது அவள் காதிலேயே வந்து விழுந்தது. எங்கோ கேட்ட குரலாக இருந்தது. பல்கூடத் தேய்க்காமல் போனில் "இதோ, பாதி வழி வந்துட்டேன் சார்" என்று அப்பா சொல்வாரே, அதே குரல்.

கோட்டை யாருக்காக இறக்கினாள்? நாளை ஏறும் என்று கணக்குப் போட்டா? ஒரு கணக்கும் இல்லை. ராத்திரி தட்டுக்கு முன்னால் உட்காரும்போது "தப்பாயிடுச்சு" என்று சொல்லாமலிருக்க இறக்கினாள். அப்பா முன்னால் தப்பாகாமலிருக்க, ஒரு கம்பெனியின் பணத்தைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே போவாள் போலிருந்தது. மேடம் அன்றைக்குச் சொன்னது குத்தல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்காகவும் மேடம் மேல் ஒரு கோபம் வந்தது.

பழைய கோட்டைத் தாண்டி விலை இறங்கியது. புதுக் கோட்டுக்காகக் காத்திருக்காமல், கையாலேயே விற்றாள். விற்றுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

"சொல்லு பாப்பா." பின்னால் சுத்தியல் சத்தம்.

"அப்பா, அந்தக் கேபிள வித்துடுங்க."

"இப்பவா? இறங்கியிருக்கேம்மா. ஏறட்டும், பாத்துக்கலாம்."

"ஏறலேன்னா?"

"ஏறும். நீதானே சொன்ன."

"அப்பா, காலையிலேர்ந்து கண்ணை எடுக்காம அதையே பாத்துட்டு இருக்கேன்..." குரல் ஏறியது. "நான் சொல்றதைக் கேக்கவே மாட்டீங்களா? உங்களுக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?"

படிக்கட்டுச் சுவர் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தது. 'உங்களுக்கு என்ன தெரியும்.' வீட்டில் யார் படித்திருக்கிறார்கள் என்று கேட்ட அந்த ஆசிரியர் பேசுகிற மாதிரி இருந்தது. இந்த மாதிரிக் கேட்டவர்கள் மேல்தான் அவள் இத்தனை வருடம் கோபப்பட்டிருக்கிறாள்.

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தமும் நின்றிருந்தது.

படியில் உட்கார்ந்தாள். "லிப்ட் வேகமா இறங்குதுன்னா பிரேக்கைக் கழட்டி இன்னும் கீழ தள்ளி மாட்டுவீங்களாப்பா?"

"லிப்ட்டு வேறம்மா. எவ்வளவு இறங்குனாலும் கீழ்த்தளம்னு ஒண்ணு இருக்கு. அங்கேர்ந்து மேல வந்துதானே ஆகணும்."

"இதுக்குக் கீழ்த்தளம் இல்லப்பா."

யாரோ "அண்ணே, ஸ்பானர்" என்று கேட்டது காதில் விழுந்தது.

"அப்பா. நான் வித்துட்டேன்."

"நீயா?"

"ஆமா. நஷ்டத்துல. நான் தப்பா சொல்லிட்டேன்." பல்லைப் பிடுங்கினாற்போல் வலித்தது; பிடுங்கியபின் காலியாக இருந்தது. "கேபிள்ல தப்பு இல்ல. நான் பாத்ததுலதான் தப்பு."

அப்பா தொண்டையைச் செருமினார். "திட்டினாங்களா?"

"இல்ல. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல."

"நல்ல எடமாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. ரெண்டு பேரு வாங்கறேன்னுகூடச் சொல்லியிருக்கானுங்க."

"இப்ப சத்தமாச் சொல்லிடுங்க. அப்புறம் சொல்ல வராது."

போனைக் காதிலிருந்து விலக்கியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து கேட்டது: "டேய், அந்தக் கேபிளை வாங்கிடாதீங்கடா. நானே விக்கப் போறேன். நஷ்டந்தான்." யாரோ சிரித்தான். "அண்ணே, உங்க வண்டியத் தள்ளறதுக்கு நாங்க இருக்கோம்." அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் கட்டாயமாக. "தம்பிக்குப் போன் போடறேன்" என்று வைத்துவிட்டார்.

உள்ளே வந்தபோது தவளை காதுப் பாட்டைக் கழற்றினான். "கோட்ட இறக்கிட்டு, கோடு வர்றதுக்குள்ளயே வித்துட்டியா? எதுக்கு இறக்கின?"

"வீட்ல சொல்லிட்டேன்டா, வாங்கினதை."

"அடிப்பாவி. தவளைன்னு எனக்குப் பேர வெச்சுட்டு, வாயால கெட்டது நீயா?"

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிற ஆள் மாதிரி உதட்டைக் கடித்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில பேசலாம், அதைப் பத்தி" என்றாள். அது திட்டா இல்லையா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நாளை வரை காத்திருக்க வேண்டும்.

அன்று மதியம் கேபிள் ஏறியது.

ஏறினால் கொஞ்சமா? அவள் விற்ற விலையைத் தாண்டி, பழைய கோட்டையும் தாண்டிப் போனது. தவளை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவளுக்குக் காது சுட்டது. திரும்ப வாங்கு வாங்கு என்று கை தவித்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், சந்தை மூடும்வரை. நிதானம் என்று மேடம் சொன்னது இதைத்தானா, தெரியாது. உள்ளே ஒன்றும் நிதானமாக இல்லை. கை மட்டும் தொடைக்கடியில் இருந்தது.

ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தட்டு வைத்தாள்.

"ஏறிடுச்சாமே" என்றார் அப்பா.

"ஏறிடுச்சு."

"தம்பி காட்டினான், நாம வித்தப்புறம்." ஒரு வாய் சாப்பிட்டார். "கோவம் வருதா?"

"வருது."

"எனக்கும்."

தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் தள்ளினார். இருவரும் சாப்பிட்டார்கள்.