தரை தொட்ட குண்டு

பேரிங்குக்குப் போகும் பீங்கான் குண்டு சூளையிலிருந்து வரும்போது உருண்டையாக இருக்காது. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே, வைரப்பொடிக் குழம்பில் வாரக்கணக்கில் உருண்டால்தான் அந்தப் பட்டை கரையும். இந்த வேலை நடக்கும் பட்டறையில் மீறக் கூடாத கட்டளை ஒன்று உண்டு: தரையில் விழுந்த குண்டு சிவப்பு டப்பாவுக்கு. கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்திருந்தாலும் போதும், தட்டுக்குள் போய்த் தன்னோடு உருளும் அத்தனையையும் கீறிவிடும்.

அந்த அரைப்பு இயந்திரம் பகலில் அத்தானுடையது. மாலையில் அவர் மனைவியின் தம்பி பார்த்தான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டே பட்டறை முழுக்க அவருக்கு அத்தான் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் காலை தட்டைத் தூக்கினால், குண்டு ஒவ்வொன்றிலும் கீறல். சட்டைகூட மாற்றாமல் மச்சினன் ஓடி வந்தான்.

“ஒண்ணு கீழ விழுந்துச்சு அத்தான். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, துடைச்சு உள்ள போட்டுட்டேன். நான் இன்னும் நிரந்தரம்கூட ஆகலை. வீட்ல வேற மாசமா இருக்கா.”

மேலாளர் வந்து யார் என்று கேட்டார்.

“நான்தான் சார்” என்றார் அத்தான்.

மேலாளர் போனதும் மச்சினன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “கொஞ்சம் ஆறட்டும். நானே போய் உண்மையைச் சொல்லிடறேன்.”

ஆறியது. அவனும் நிரந்தரமானான். இயந்திரம் இரண்டு வேளையும் அவன் பொறுப்புக்குப் போனது. அத்தான் கைக்குத் துடைப்பம் வந்தது.

“இத்தனை வருஷம் பார்த்த வேலையில இப்படிக் கோட்டை விட்டுட்டீங்களே” என்றாள் மனைவி. “என் தம்பியப் பாருங்க.”

“அவனுக்கென்ன, எங்க விட்டாலும் உருண்டு மேல வந்துடுவான்.”

அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

குண்டுகளைச் சோதிக்கும் மேசையில் இருந்த அக்கா மட்டும் ஒருநாள், “உங்க கையில கீறல் வராதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள். அதற்கு மேல் கிண்டவில்லை. தன் டீயில் பாதியை அவருக்கு ஊற்றித் தந்தாள். கடவுள் மனிதர்களைக் கைவிடவில்லை என்பதற்கு அவருக்கு அந்தப் பாதி டீ போதுமாயிருந்தது.

பிறகொரு நாள் குண்டுகளைக் கழுவும்போது மச்சினன் கையிலிருந்து ஒன்று நழுவி, துடைப்பத்தின் முன்னால் வந்து நின்றது. அவன் சட்டென்று குனிந்து எடுத்தான். தட்டைப் பார்த்தான்; அத்தானைப் பார்த்தான். அவர் சிவப்பு டப்பாவை நீட்டினார்.

மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. குண்டு டப்பாவில் விழுந்தது.

“எத்தனை தடவை சொல்றது அத்தான்?” மச்சினன் குரலை உயர்த்தினான். “கீழ விழுந்ததைத் திரும்ப உள்ள போடக் கூடாது.”

மேலாளர் தலையாட்டிவிட்டுப் போனார்.

“சரிப்பா” என்றார் அத்தான். குண்டாவது போக வேண்டிய இடத்துக்குப் போனதே என்று கடவுளுக்கு ஒரு நன்றி சொன்னார். அவனுக்காகவும் ஏதாவது வேண்டிக்கொள்ளப் பார்த்தார். அன்றைக்கு வாய் வரவில்லை. குனிந்து பெருக்கத் தொடங்கினார்.