அக்காவின் மணிக்கட்டு

மதிவதனி அக்காவின் வலது மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. கையை மடக்கினால் எழும்பும், நீட்டினால் பாதி அமுங்கும். வலி கிடையாது. செங்கம் ரோட்டு டாக்டரம்மா செல்போன் டார்ச்சை அதன்மேல் வைத்து, வெளிச்சம் உள்ளே பரவுவதைக் காட்டினார்.

"பாத்தியாம்மா, உள்ள வெறும் ஜவ்வு மாதிரி தண்ணி. புத்துநோய் இல்ல, யாருக்கும் ஒட்டாது. தானா மறைஞ்சாலும் மறையும். அடிச்சு உடைக்கிறேன்னு யாராவது வந்தா மட்டும் விடாத."

அதை நான் வீட்டில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என் குரல் மெல்லியது. மிக்ஸி சத்தத்தில் அமுங்கிப்போயிற்று என்று முதலில் நினைத்தேன். இல்லை, எல்லோருக்கும் கேட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வேங்கிக்காலிலிருந்து அக்காவுக்குப் பூ வைக்க வருகிறார்கள். பூ வைத்ததும் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் கையைப் பிடித்து வளையல் போட்டுவிடுவார். ராஜம்மாள் அத்தைக்கு அதுதான் கவலை.

"கையப் புடிச்சதும் தட்டுப்படுமே. நோய்க்காரியத் தலைல கட்டப் பாக்கறாங்கன்னு எழுந்து போயிட்டா?"

அத்தையின் வீட்டுக்காரர் ராமதாஸ் மாமா அரிசி அளக்கும் பித்தளைப் படியைக் கொண்டுவந்தார்.

"ஒரே போடு, கரைஞ்சிடும். எங்க ரைஸ் மில்லுல சடையனுக்கு நான்தான் ஒடைச்சேன்."

"அவருக்குத் திரும்ப வந்துடுச்சே மாமா" என்றேன்.

"வந்தா என்ன? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வரட்டும்."

அம்மா பலகைமேல் தலையணை உறையை மடித்துப் போட்டாள். ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்யும் அக்காவின் கை அது. அதற்கு மெத்தை போட்டுவிட்டு அடிப்பார்களாம்!

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "கட்டிக்கப் போறவர்கிட்டயே கேக்கறேன்" என்று போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

புகழேந்தி முழுவதும் கேட்டார். "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாங்கல்ல? எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல மதி."

அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"அம்மாகிட்டயா? வேணாம். அவங்க சகுனம் ஜாஸ்தி பாப்பாங்க. அன்னிக்கு மட்டும் தெரியாத மாதிரி ஏதாவது பண்ண முடியாதா?"

"படியால அடிச்சா போயிடுமாம். அடிச்சுக்கட்டுமா?"

"ஜாஸ்தி வலிக்குமா?" என்றார்.

அக்கா போனை அணைத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜாஸ்தி வலிக்குமா! கம்மியாக வலித்தால் அடித்துக்கொள்ளலாம். எவ்வளவு அன்பான மாப்பிள்ளை!

"அவங்கள வர வேணாம்னு சொல்லிடும்மா" என்றாள் அக்கா.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "இத்துனூண்டு கொட்டைக்காக ஒரு கல்யாணத்தையே விடுவியாடி?"

"இத்துனூண்டு கொட்டைக்காகத்தானே கைய ஒடைக்க வந்தீங்க!"

கத்தியது நான்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் பேசுவேன் என்பதே அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

"சின்னதெல்லாம் பேச ஆரம்பிச்சிடுச்சு" என்று மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தையும் பின்னாலேயே போனாள். அக்கா சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, விட்ட இடத்திலிருந்து மயிலின் கழுத்தைத் தைக்கத் தொடங்கினாள்.

அம்மா மட்டும் தலையணை உறையை உதறியபடி நின்றாள்.

"அவரு நல்லவிதமாத்தானே கேட்டாரு... வலிக்குமான்னு."

இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.