பட்டன் டப்பாவில் மாத்திரை

மருந்துக் கடை வாசலில் பெஞ்ச் போட்டது என் தப்பு. முதுகு சாய்க்க இடமில்லாத சாதாரண மர பெஞ்ச். காய்ச்சலோடு வருகிறவர்கள் கால் கடுக்க நிற்க வேண்டாமே என்று போட்டேன். காய்ச்சல் இல்லாதவர்கள்தான் அதில் அதிகம் உட்கார்ந்தார்கள். மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு மருந்தோடு திட்டும் இலவசமாகக் கிடைக்கும் என்பதால் தெருவில் எனக்கு ‘டோஸ் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வேன் அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் அவருடையது. தேய்த்த காக்கிச் சட்டை, வாரிய தலை, கையில் சாப்பாட்டுப் பை. பதினோரு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மூன்றாவது தெருவில் ஹாரன் அடிக்க வேண்டிய நேரத்தில் மனிதர் என் கடை வாசலில் காக்கை எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளிக்கு விடுமுறையோ என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் வந்தார். புதன்கிழமையும் வந்தார். அவருடைய வேன் தெருவைக் கடந்து போனது. ஓட்டியது வேறு யாரோ.

வியாழக்கிழமை எழுந்து கவுன்ட்டருக்கு வந்து, “தெம்புக்கு ஏதாவது டானிக் குடும்மா” என்றார்.

டானிக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“எதுக்கு டானிக்? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா? என்ன பண்ணுதுன்னு சொல்லுங்கண்ணே முதல்ல.”

அவர் பின்னால் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“காலையில எந்திரிச்சா தலை சுத்துது. போன வெள்ளிக்கிழமை சிக்னல்ல நின்னப்ப கண்ணு இருட்டிடுச்சு. வண்டி நிறைய பிள்ளைங்க. ஓரமா நிறுத்திட்டு ஒரு பையனோட தண்ணி பாட்டிலை வாங்கி முகத்தைக் கழுவினேன். மெதுவாக் கொண்டு போய் விட்டுட்டேன். ஆனா அன்னிக்கே கூட்டாளிகிட்ட சாவியைக் குடுத்துட்டேன்.” சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிப் பிடித்தார். “வயசாயிடுச்சும்மா. இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுபோல.”

“வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. வழக்கம்போலக் கிளம்பி வந்துடறேன். நீயும் சொல்லிடாத.”

அவர் மனைவி இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடமாக இந்த மனிதரின் காக்கிச் சட்டைகளை அவர்தான் தைக்கிறார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி, ரத்த அழுத்தம் பார்த்தேன். தொண்ணூறுக்கு ஐம்பத்தெட்டு. இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான். இவர் பல வருடமாக ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். என் கடையில்தான் வாங்குகிறார். ஏறுகிற ஆளுக்கு இவ்வளவு இறங்குவானேன்?

“வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் அப்படியே அள்ளிட்டு வாங்க. ஒண்ணையும் விடக் கூடாது. நடந்து போக வேண்டாம், ஆட்டோவுல போய் வாங்க.”

அரை மணி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். தையல் கடைகளில் பட்டன் போட்டு வைக்கிற, ஆறு அறை கொண்ட டப்பா. ஓர் அறையில் வெள்ளை மாத்திரைகள், ஒன்றில் ரோஸ் நிற மாத்திரைகள், இன்னொன்றில் மஞ்சள். ஒன்றுக்கும் அட்டை இல்லை.

“அட்டையெல்லாம் எங்க?”

“ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு எனக்கு விரல் மடங்காதும்மா. பிதுக்கி எடுக்க நேரமாகும். அதனால ஞாயித்துக்கிழமை உக்காந்து அவளே எல்லாத்தையும் பிரிச்சுக் கலர் கலராப் போட்டு வச்சிடுவா. தினம் காலையில ஒவ்வொரு ரூம்லயிருந்தும் ஒண்ணு எடுத்து என் கையில வப்பா. நான் முழுங்கற வரைக்கும் நகர மாட்டா.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளையையும் ஒரு ரோஸையும் எடுத்து உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளையும் ரோஸும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேறு. மூன்று வாரத்துக்கு முன்னால் வெள்ளை மாத்திரை வரத்து நின்றுபோனது. அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். இவர் வேனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். உள்ளேயிருந்து பிள்ளைகள் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, ரோஸ் மாத்திரையை உறையில் போட்டு, “அதே மாத்திரைதாண்ணே, கம்பெனி வேற” என்றேன். “சரிம்மா” என்று வாங்கிக்கொண்டு ஓடினார். நான் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

“அந்தக் கவரை அக்காகிட்ட குடுக்கும்போது என்ன சொன்னீங்க?”

“புதுசா ஒண்ணு குடுத்திருக்காங்கன்னு சொன்னேன்.”

போதாதா? டெய்லர் அக்கா எப்போதும் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வரச் சொல்வாராம். நூல் தீர்ந்த பிறகு நூல் வாங்கப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பழைய வெள்ளை நிறைய மிச்சம் இருந்தது. புதிதாக ஒரு நிறம் வந்ததும் அதற்கு ஓர் அறை ஒதுக்கிவிட்டார். மூன்று வாரமாக இந்த மனிதர் இரண்டு மடங்கு மருந்தை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய டாக்டருக்கு மறுபடியும் போன் செய்தேன். ரோஸ் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். அன்று மாலையே வந்து காட்டச் சொன்னார். தினமும் அளந்து பார்த்து, தான் சொல்கிற வரைக்கும் வண்டி கூடாது என்றார். நான் விஷயத்தை அண்ணனிடம் விளக்கினேன். வயசு காரணமில்லை, மாத்திரைதான் காரணம் என்று சொன்னதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நொடியே அணைந்துவிட்டது.

“அவகிட்ட சொல்லாதம்மா. அவ கையாலதான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. நான் கையில வாங்கி, ரோஸ் மாத்திரையை மட்டும் நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சு...”

“சினிமாவா எடுக்கறீங்க? நாளைக்கு நிறம் மறந்துபோய் வெள்ளையையும் துப்பிடுவீங்க. அப்புறம் பிரஷர் எகிறும்.” கத்திவிட்டேன். பிறகு என் மீதே எனக்கு எரிச்சலாக வந்தது. “கவலைப்படாதீங்கண்ணே. தப்பு பண்ணினது நான். நானே சொல்லிக்கறேன்.”

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினேன். அண்ணனை அந்த பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு, பட்டன் டப்பாவோடு நடந்தேன். ஊருக்கெல்லாம் டோஸ் விடுகிறவளுக்கு ஒரு மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

டெய்லர் அக்கா மெஷினில் ஒரு ரவிக்கைத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தார்.

“அவருக்கு என்ன ஆச்சு?”

“நல்லா இருக்காருக்கா. என் கடை வாசல்லதான் உக்காந்திருக்காரு.” நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். “நிறம் மாறினா மருந்து மாறிடுச்சுன்னுதான் யாரும் நினைப்பாங்க. அவருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறது நீங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும். கவர் மேல எழுதியிருக்கணும். ரெண்டும் செய்யல. என்னை மன்னிச்சிடுங்கக்கா.”

அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினம் இந்தக் கையாலதான் குடுத்தேன்” என்றார்.

“நான் குடுத்ததைத்தான் குடுத்தீங்க.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “அவர் வண்டி ஓட்டலைன்னு எனக்கு திங்கக்கிழமையே தெரியும்.”

“யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? சட்டை சொல்லுச்சு. வண்டி ஓட்டிட்டு வர்றவர் சட்டை முதுகுல சுருங்கிப்போய், வேர்வை கோடு கோடா இருக்கும். முப்பது வருஷமாத் துவைக்கிறேனே. இந்த மூணு நாளா காலையில போட்டுட்டுப் போன மடிப்பு அப்படியே வருது.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா பொய் சொல்லணும்ல அவரு? அவருக்குப் பொய் வராது, பாவம். பிள்ளைங்களைப் பெத்தவங்க வேணாம்னு அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். உடம்பையாவது நல்லாப் பாத்துக்குவோம்னு மாத்திரையை ஒருநாள்கூட விடாமக் குடுத்தேன்.”

இந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து தண்ணீர் கொடுத்தார். ஆறுதல் சொல்லப் போனவள் ஆறுதல் வாங்கிக்கொண்டு நின்றேன்.

இருவரும் கடைக்கு நடந்து வந்தோம். அண்ணன் மனைவியைக் கண்டதும், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி பெஞ்சிலிருந்து எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்பாட்டுப் பையை எடுங்க. இங்கயே சாப்பிடலாம்” என்றார். ஒரே சாப்பாட்டு டப்பாவிலிருந்து இருவரும் சாப்பிட்டார்கள். நான் ரோஸ் மாத்திரைகள் தவறிக்கூட மறுபடி அந்த அறைகளுக்குள் போகாதபடி தனியாக எடுத்து வைத்தேன். வெள்ளையை எங்கிருந்தாவது வரவழைத்துத் தருகிறேன், ஆனால் இனி அட்டையோடுதான் என்று கறாராகச் சொன்னேன். அக்கா கத்தரிக்கோலால் அட்டையை ஒவ்வொரு மாத்திரையாக, பெயர் தெரிகிற மாதிரி வெட்டி அறைகளில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அதிலும் ஒரு டெய்லர் கணக்கு.

அன்றிலிருந்து மாத்திரை மாற்றிக் கொடுத்தால் உறையில் பெரிதாக எழுதுகிறேன்: ‘பழையதுக்குப் பதில் இது. இரண்டும் வேண்டாம்.’ எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வியும் உண்டு: “வீட்ல மாத்திரை எடுத்துக் குடுக்கறது யாரு?” பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அண்ணன் தினமும் காலையில் வந்து கையை நீட்டினார். எண்கள் மெல்ல மெல்ல ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. பதினோராம் நாள் டாக்டர் வண்டி எடுக்கலாம் என்றார்.

அதற்கு மறுநாள் மாலை டெய்லர் அக்கா கடைக்கு வந்தார். மருந்து எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு காக்கிச் சட்டையை எடுத்து, முதுகுப்பக்கம் தெரியும்படி கவுன்ட்டரில் விரித்தார். முதுகு முழுக்கக் கசங்கி, நடுவில் வேர்வை காய்ந்து உப்புக் கோடு பூத்திருந்தது.

“துவைக்கப் போடலையாக்கா?” என்று கேட்டுக்கொண்டே, கைப்பழக்கத்தில் ஒரு சுருக்கத்தை நீவிவிடப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”