ஒரு கைப்பிடி மக்காச்சோளம்

பங்குனிப் பொங்கலில் முளைப்பாரி எடுக்கும் அன்று காலையில், எங்கள் மோட்டார் அறையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு இசைவாணி அக்கா அசையாமல் நின்றாள். கையில் ஒரு விதைப் பொட்டலம். அதன் முத்திரை கிழிந்திருந்தது. கிழித்தவர் வாயை அழகாக மடித்து ஒரு ஹேர்பின்னும் குத்தி வைத்திருந்தார். பின்னைப் பார்த்ததும் யார் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அரிசி மூட்டையிலிருந்து மாத்திரை அட்டை வரை எல்லாவற்றுக்கும் என் மனைவி பாண்டிலட்சுமி ஹேர்பின்தான் குத்துவாள்.

ஊரில் அக்காவை டாக்டரம்மா என்பார்கள். என்ன டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கோயம்புத்தூரில் பயிர் மரபணு ஆராய்ச்சி. பூக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணி பிடிக்கிற மக்காச்சோளம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தாள். முதல் பத்து வருஷம் கண்ணாடிக் குப்பியிலேயே போனது. மரபணு உள்ளே போனால் செடி வராது, செடி வந்தால் மணி பிடிக்காது. அப்புறம் கண்ணாடி வீடு. அப்புறம் அனுமதிக் கோப்பு டெல்லிக்கும் சென்னைக்குமாக அலைந்தது. அதற்குள் அக்கா கல்யாணத்தை மறந்துபோனாள், நாங்களும் பேச்செடுப்பதை விட்டுவிட்டோம். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறாள் என்ற நிலையில்தான் வயலில் போட்டுப் பார்க்க உத்தரவு வந்தது. மரபணு மாற்றிய பயிர் என்றதும் யாரும் நிலம் தரவில்லை. கடைசியில் ஆமத்தூரில் எங்கள் தோட்டத்திலேயே அரை ஏக்கரைப் பல்கலைக்கழகம் குத்தகைக்கு எடுத்து இரட்டை வேலி போட்டது.

விதைப்பதற்கு முன்னால் விருதுநகரில் விவசாயிகளைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். விவசாயிகள் சங்கத்து ஊர்க்காவலன் என்பவர் எழுந்து, இந்த விதை வெளியே வந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். மேடையில் இருந்த பெரியவர்கள் மைக்கை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள். அக்காதான் மைக்கை வாங்கி, ஒரு மணிகூட வேலியைத் தாண்டாது, தாண்டினால் நானே வந்து சொல்வேன் என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். அக்கா வாயால் சொன்னால் எழுதிக் கொடுத்த மாதிரி என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பயிர் நன்றாகத்தான் வந்தது. பூக்கிற சமயத்தில் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தியிருந்தோம். சாதாரணச் சோளம் நின்ற வரிசைகளில் இலை பீடி போலச் சுருண்டுவிட்டது. பக்கத்து வரிசையில் அக்காவின் சோளம் இலையை விரித்துக்கொண்டு நின்றது. மகரந்தம் பறக்காமலிருக்க ஒவ்வொரு பூங்கதிருக்கும் காகிதப் பை மாட்ட வேண்டும். பை போதாமல் சிவகாசியில் அவசரமாக அடிக்கச் சொன்னதில், பிரஸ்காரர் வீணாய்ப்போன பட்டாசு லேபிள் தாளிலேயே ஒரு லோடு ஒட்டி அனுப்பிவிட்டார். வயல் முழுக்க ராக்கெட் நட்டு வைத்தது போல இருந்தது. அக்கா அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

பட்டுப்போன குழிகளில் மறுபடி ஊன்றுவதற்காக வைத்திருந்த மிச்ச விதைதான் அந்தப் பொட்டலம். அதை முத்திரையோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பாண்டிலட்சுமியைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் ஒளிக்கவில்லை. முகம் மலரத்தான் சொன்னாள்.

"ஆமா மதினி, நாந்தான் எடுத்தேன். ஒரு கைதான். முளைப்பாரிக்குத் தானியம் கேட்டு வந்தாக. நம்ம காட்டு வெதயக் குடுத்தா அந்த வெள்ளாம நல்லா வரும்லா. ஒங்க சோளம் செயிக்கணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் குடுத்தேன்."

பாண்டிலட்சுமி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விதையை வேலிக்கு வெளியே கொண்டுபோனால் சோதனையையே நிறுத்திவிடுவார்கள் என்று நான் சொன்னதும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மோட்டார் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

முளைப்பாரிச் சட்டி இருந்த இடம் கோயிலுக்குப் பின்னால் உள்ள இருட்டறை. வெயில் படாமல் முளை வளர்க்கிற அந்த அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. நான் வெளியே நிற்க, அக்கா உள்ளே போனாள். எங்கள் வீட்டுச் சட்டியை மட்டும் எப்படியாவது கேட்டு வாங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. முளை போடும் மூக்கம்மாள் சொன்னது வெளியே எனக்கும் கேட்டது. எந்த வீட்டு முளை உயரம், எந்த வீட்டு முளை கட்டை என்று பின்னால் பேச்சு வரக்கூடாதாம். அதனால் வீடு வீடாக வாங்கிய தானியத்தையெல்லாம் ஒரே சேலையில் கொட்டிக் கலந்துதான் எல்லாச் சட்டிக்கும் பிரித்துப் போடுவார்களாம்.

வெளியே வந்த அக்கா வேப்பமரத்தடியில் போய் நின்றாள். மற்ற வீட்டாரும் மக்காச்சோளம் கொடுத்திருந்ததால் எது தன் முளை, எது ஊர் முளை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றாள். நான் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன். சாயங்காலம் எல்லாவற்றையும் கரைத்துவிடப் போகிறார்கள். வெயிலே படாத வெளிறின முளை, இரண்டு நாளில் அழுகிப்போகும். யாருக்கு என்ன கெட்டுப்போய்விடும்?

"ஒண்ணும் கெடாதுலே. அது ஒன்னயவிட எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா கூட்டத்துல ஒண்ணும் கெடாதுன்னா சொன்னேன்? வெளிய வராதுன்னுல்லா சொன்னேன்."

"இந்த வயல அழிச்சிட்டா மறுபடி போடலாம்லக்கா? வெத இருக்குல்ல?"

"வெத இருக்கு. வருசந்தான் இல்ல."

பிறகு அங்கேயே நின்று பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததால் நடந்ததை மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து ஊர்க்காவலனுக்கும் போன் செய்தாள். மறுநாள் காலையில் பல்கலைக்கழகத்திலிருந்து குழு வருகிறது, அவர்கள் முன்னால் பயிரைப் பிடுங்கி வயலிலேயே புதைக்க வேண்டும். முளை ஒன்றுகூட மண்ணில் வேர்விடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. கண்மாய் வறண்டு கிடந்ததால் அந்த வருஷம் குழி வெட்டித்தான் கரைப்பதாக இருந்தார்கள். அதை ஆழமாக வெட்டி மூடச் சொன்னதற்கு மூக்கம்மாளும் சரி என்றாள், முளை யார் காலிலும் மிதிபடக்கூடாது என்பது அவள் கவலை.

சாயங்காலம் பாண்டிலட்சுமி சட்டியை எடுக்க மாட்டேன் என்று அழுதாள். அக்கா அவள் தலையில் சும்மாட்டைச் சரியாக வைத்து, "தூக்கு. நீ வேண்டினது வேண்டினதுதான்," என்றாள். வயலை எண்ணி அதுவரை வராத அழுகை எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு வந்தது.

பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு என்பதால் தெரு நிறையக் கூட்டம். தாயில்பட்டி, நாரணாபுரம் என்று கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். முளைப்பாரி ஒவ்வொன்றும் முழ உயரத்துக்கு மஞ்சளாக ஆடிக்கொண்டு போனது. கும்மி அடிக்க நிற்கும்போதும் முக்கில் திரும்பும்போதும் நாலைந்து முளைகள் உதிர்ந்தன. ஊர்வலத்தின் கடைசியில் அக்கா உரச்சாக்கு ஒன்றை இடுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். சாக்கடை ஓரம் விழுந்ததையும் விடவில்லை. இடுப்பு வலிக்கும் என்று நான் கேட்ட சாக்கைத் தர மறுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் காலடியில் கிடந்த முளையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, பயபக்தியோடு சாக்கில் போட்டாள்.

பஜார் முக்கில், முளைப்பாரி சுமப்பவர்கள் காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்ற ஒரு பெண், அக்காவை நிறுத்தினாள்.

"என்ன வேண்டுதல்க்கா?"

அக்கா இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக நிமிர்ந்தாள்.

"பயிருக்கு," என்றாள்.

அந்தப் பெண் அக்காவின் காலில் குடத்தைச் சரித்தாள். கைநிறைய வெளிறின முளைகளைப் பிடித்தபடி, குடம் காலியாகும் வரை அக்கா பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றாள்.