சாம்பல்னு நெனச்சது

ஞானத்துக்கு அந்தச் செடிங்களக் கண்டாலே ஆகாது. மொட்டமாடியில தண்ணி டேங்குக்குப் பின்னாடி, நீலத் தார்பாய் மறைப்புல, மூணு பெயிண்ட் பக்கெட்ல மூணு கஞ்சாச் செடி. புருஷன் வால்டர் வளக்குறது.

"ஒரு நாள் பாருய்யா, ஆசிட்ட ஊத்திக் கொல்றேனா இல்லையான்னு."

இத எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கா. சொல்றதோட சரி, கை வைக்க மாட்டா. அந்தச் செடிங்க இருக்குறவரைக்கும்தான் வால்டர் பொழுது சாஞ்சா வீட்டுக்கு வருவான்னு அவளுக்குத் தெரியும்.

கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். அதுல இருபது வருஷம் சாயங்காலம்னா அவனுக்கு கொருக்குப்பேட்டைதான். கூட்ஸ் யார்டு மதிலுக்குப் பின்னால கூட்டாளி ஜெரியும் இன்னும் நாலு பேரும் உக்காந்திருப்பாங்க. அவங்க கூட உக்காந்து பொட்டலம் பிரிச்சு, ஊதி, வீட்டுக்கு வரும்போது சோறு ஆறி, ஞானமும் ஆறிப்போயிருப்பா. போன மழைக்கு முன்னாடி ஒரு நாள் போலீஸ் வந்து எல்லாரையும் அள்ளிட்டுப் போச்சு. ஞானம் ஸ்டேஷன் வாசல்ல ஒரு ராத்திரி ஒரு பகல் பன்னும் டீயுமா நின்னா. வெளிய வந்ததும் வால்டர் சொன்னான்.

"அங்க இனிமே போவ மாட்டேன் மே. ஆனா அது இல்லாங்காட்டி எனக்குத் தூக்கம் வராது. மாடில ரெண்டு வெதை போட்டுக்கறேன். சரின்னா சொல்லு, இல்லாங்காட்டி வுடு."

"மாட்டுனா ரெண்டு பேரையும் சேத்து உள்ள தள்ளிடுவான்யா. பொண்ணு நர்சிங் படிச்சிகினு கீறா, நெனச்சிப் பாத்தியா?"

"யாரு வரப்போறா எண்ணூருக்கு? சாம்பல பாக்கவா?"

அவ சரின்னா. அவளுக்கு வேற வழியும் தெரியல. பொண்ணு ஷெர்லின் வேலூர் ஹாஸ்டல்ல. வீட்டுல இவங்க ரெண்டு பேர்தான். ராயபுரத்துல வாடகை கட்டுப்படியாகாம எண்ணூர் வந்தவங்க. இங்க கொடியில துணி காயப்போட்டா பவர் ஹவுஸ் சாம்பல் படியும், சோத்துத் தட்டு மூடாம வெச்சா சாம்பல் படியும். வந்த புதுசுல திட்டினாங்க. அப்புறம் தொடைக்கப் பழகிட்டாங்க.

வால்டர் கண்டெய்னர் யார்டுல லேஷிங் வேலை பாக்குறான். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன பொட்டிங்களக் கம்பி போட்டு இறுக்குறது. வேல முடிஞ்சு அஞ்சரைக்கெல்லாம் நேரா வீடு. லுங்கி மாத்தினதும் மாடி. மொதல்ல அவ மேல ஏறவே இல்ல. ஒரு நாள் துணி எடுக்கப் போனவ, அவன் குந்திக்கினு எலையப் பாத்துக்கினு இருந்ததப் பாத்தா.

"இன்னாய்யா?"

"வெள்ளையா புள்ளி புள்ளியா கீது. சாம்பல் மே. எண்ணூர்ல எது மேலதான் இல்ல? தொடச்சி வுட்டா சரியாப் போவும்."

அவன் கையில கம்பி இழுத்துக் காச்சுப்போன தோலு. அவன் தொட்டா எலை கிழியுது. அவதான் அவனோட பழைய பனியனக் கிழிச்சு, தண்ணியில நனச்சுப் பிழிஞ்சு, எலை எலையாத் தொடச்சா. அவன் அடியில கை குடுத்துத் தாங்கிப் பிடிச்சான். மூணு செடியும் தொடச்சு முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு.

"ஷெர்லினுக்குக் கூட நீ இப்டி மூஞ்சி தொடச்சி வுட்டதில்ல மே."

"அவ மேல இவ்ளோ சாம்பல் படியல."

அவன் சிரிச்சான். அவ முன்னால அவன் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சுன்னு அவளுக்குக் கணக்குத் தெரியல.

அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் அதே வேலை. அவன் தாங்குவான், அவ தொடைப்பா. பேச்சும் வந்துச்சு. யார்டுல மேஸ்திரி எப்படி நடக்குறான்னு காலை வளச்சுக் காட்டுவான். அவ பிளாஸ்டிக் கம்பெனில பேக்கிங் பண்றவ, அங்க மூடி மாத்திப் போட்டு லைனே நின்ன கதையச் சொல்லுவா. ஒரு நாள் அவன், "நீ பேசுவேன்னே எனக்குத் தெரியாது ஞானம்"னான். 'மே' இல்லாம அவன் அவ பேரச் சொன்னது அன்னைக்குதான். அவ குனிஞ்சு ஒரே எலைய ரொம்ப நேரம் தொடச்சுக்கினு இருந்தா.

பங்குனி வெயில் ஏறிச்சு. புள்ளி போகல, கூடுச்சு. பச்சை மங்கி, எலை வெங்கலக் கலராச்சு. அப்புறம் நுனியில நூலாட்டம் மெல்லிசா ஒட்டடை கட்டுச்சு. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவ ஒரு வாட்டி கூடத் தொடச்சா. தொடைக்கத் தொடைக்க மோசமாச்சு. மொதல்ல ஒரு செடிதான் வாடுச்சு. பத்து நாள்ல மூணும்.

வால்டர் பேச்சு கொறஞ்சுது. ஒரு நாள் அஞ்சரைக்கு வரல. எட்டு மணிக்கு வந்தான். கண்ணு செவந்திருந்துச்சு. சட்டையில பழைய கொருக்குப்பேட்டை பொகை நாத்தம். அவ சோத்தப் போட்டுட்டு உள்ள போய் செவத்தப் பாத்து உக்காந்தா. செடி போச்சுன்னா இந்த மனுஷனும் போவான்னு அன்னைக்கே முடிவாத் தெரிஞ்சுது.

மறுநாள் மாடியில நிக்கும்போதுதான் அவளுக்கு உறைச்சுது. படிக்கட்டுப் பக்கம் அவளோட செம்பருத்தி ஒரு டப்பாவுல இருக்கு. அதை அவ ஒரு நாளும் தொடைச்சதில்ல. சாம்பல் அது மேலயும்தான் விழுது. திட்டுத் திட்டாப் படிஞ்சு கெடக்கு. ஆனா செடி நல்லாதான் இருக்கு.

அப்ப இது சாம்பல் இல்ல. வேற என்னமோ.

கேக்கலாம், யாரக் கேக்கறது? இந்த எலைய யார்கிட்ட நீட்ட முடியும்? திருவொத்தியூர்ல ரயிலடிக்கு வெளிய டில்லிபாபுன்னு ஒருத்தர் நர்சரி வெச்சிருக்காரு. வெவரமான ஆளு. ஆனா அஞ்சு விரல் விரிச்சாப்பல இருக்குற அந்த எலையப் பாத்தா, பால்வாடிப் புள்ள கூட சொல்லிடும்.

அவளுக்கு ஒரு யோசனை தோணுச்சு. நோய் புடிச்ச எலை ஒண்ணக் கிள்ளி, செம்பருத்தி எலைக்கு அடியில வெச்சு, துணிக் கிளிப்பால ரெண்டையும் சேத்துக் கவ்வவிட்டா. நல்லா இருந்த செடிக்கு வேணும்னே நோய ஒட்ட வெச்சுட்டு, தினமும் போய் வந்துச்சா வந்துச்சான்னு பாத்தா. எட்டு நாள் ஆச்சு. அந்த எட்டு நாள்ல வால்டர் மூணு வாட்டி லேட்டு. ஒம்பதாவது நாள் செம்பருத்தி எலையில அதே வெள்ளப் புள்ளி. சந்தோஷமா அந்த எலையக் கிள்ளிக்கினு திருவொத்தியூருக்கு ஓடுனா.

டில்லிபாபு எலைய வாங்கிப் பாத்தாரு. ஒரு வெள்ளப் பேப்பர விரிச்சு, அது மேல எலைய ரெண்டு தட்டு தட்டுனாரு. தூசியாட்டம் கொஞ்சம் விழுந்துச்சு.

"கண்ணாடி வேணுமாம்மா? கிட்டக் குனிஞ்சி பாரு."

அவ குனிஞ்சா. தூசி நடந்துச்சு. சாம்பலுக்குக் கால் மொளச்சாப்பல, பேப்பர் மேல சின்னச் சின்னதா ஊர்ந்துச்சு.

"செம்பேன் இது. எலைக்கு அடியில குந்திக்கினு சத்த உறிஞ்சும். வெயிலும் தூசியும் அதுக்குக் கொண்டாட்டம். ஆமா, எதுனா வெச்சித் தொடச்சியா?"

"தொடச்சேண்ணே. ஈரத் துணில. சாம்பல்னு நெனச்சி."

"ஒரே துணியா? எல்லாச் செடிக்கும்?"

"ஒரே துணிதான்."

"போச்சு. ஆட்டோ வெச்சாப்பல நீயே ஒவ்வொரு செடியா ஏத்தி எறக்கி வுட்டுகீற."

அவ தன் கையவே திருப்பித் திருப்பிப் பாத்தா. டில்லிபாபு அதப் பாக்காத மாதிரி வைத்தியம் சொன்னாரு. ரொம்பக் கெட்டுப்போன எலைய வெட்டிப் பையில கட்டிடு, அங்கயே போடாத. எலைக்கு அடியில படுறாப்பல தண்ணியப் பீச்சி அடி. வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து, வெயில் ஏறதுக்குள்ள அடி, வெயில்ல அடிச்சா எலை கருகும். ஒரு வாட்டியோட நிறுத்தாத. முட்டை பொரிஞ்சு வரும், அதனால நாலு நாளைக்கொரு தரம், மூணு வாட்டி. செடியும் செடியும் ஒரசாம தள்ளி வை. பூச்சி போனப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணியில தூசியக் கழுவிவுடு. துணியத் தொடாத.

"எலை கொட்டும். பாக்க செத்தாப்பல இருக்கும். பயந்துக்காத, துளிரு சுத்தமா வரும்." அப்புறம் வேற பக்கம் பாத்துக்கினு சொன்னாரு. "செம்பருத்தின்னு இல்லம்மா. எந்தச் செடியா இருந்தாலும் இதே வைத்தியந்தான்."

அவ தலையக் குனிஞ்சுக்கினு வந்துட்டா.

வால்டருகிட்ட சொல்லத்தான் நெனச்சா. அந்த வாரம் யார்டுல கப்பல் மேல கப்பல், அவனுக்கு ரெண்டு ஷிப்டு. வந்தா விழுந்து தூங்குவான், எழுந்தா ஓடுவான். மொதல் வாட்டி அவளே அடிச்சா. எலை கொட்டுச்சு. பாக்கச் செத்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நாலாவது நாள் காலையில, கணுவுக்குக் கணு பச்சப் பசேல்னு துளிர். புள்ளி இல்ல, நூல் இல்ல. வால்டர் வந்ததும் கையப் புடிச்சு இழுத்துனு வந்து காட்டணும்னு நெனச்சுக்கினே ரெண்டாவது வாட்டிக்கு மருந்து கலக்குனா. எண்ணெ நாத்தத்துக்கு மூஞ்சியில துண்டக் கட்டிக்கிட்டா.

வால்டர் ஷிப்டு முடிஞ்சு நேரா மாடிக்கு வந்துட்டான்.

பாத்தது இதுதான். தார்பாய் தெறந்து கெடக்கு. மூணு செடியும் மொட்டையா நிக்குது. கீழ ஒரு பை நெறைய எலை. மூஞ்சிய மூடிக்கினு, கையில பம்ப்போட பொண்டாட்டி. பால் மாதிரி வெள்ளத் தண்ணி சொட்டுது.

"இன்னாமே அடிக்கிற?"

"இரு, சொல்றேன். பூச்சிய்யா இது. சாம்பல் இல்ல. நர்சரில கேட்டேன். நான்தான்யா... நான்தான் துணியால ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு..."

"நீதான்?"

"தெரியாம பண்ணிட்டேன். நான்தான் எல்லாத்துக்கும் பரப்பிட்டேன். அதான் இப்ப மருந்து..."

"தெரியாம." அவன் கத்தல. கத்தியிருந்தா அவளுக்குத் தேவல. "எத்தினி நாளா சொல்லிகினு இருந்த, கொல்றேன் கொல்றேன்னு. நீ வெளாட்டுக்குச் சொல்றன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

"யோவ், வேப்பெண்ணெய்யா! மோந்து பாரு!"

"தெனம் பக்கத்துல குந்திக்கினு, சிரிச்சிகினு... எலைய வேற நான் தாங்கிப் புடிச்சேன் உனக்கு."

"துளிரு வுட்டுகீது பாரு. இங்க பாருய்யா, ஒரே ஒரு வாட்டி பாரு."

அவன் பாக்கல. மொதல் செடியோட தண்டப் புடிச்சு ஒரே இழுப்பு. வேரோட மண்ணும் வந்துச்சு. ரெண்டாவது. மூணாவதப் புடிச்சப்ப அவ அவன் கையப் புடிச்சா. அந்தச் செடியக் காப்பாத்த அவ இப்படித் தொங்குவான்னு ஆறு மாசம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பா. அவன் கைய ஒதறல. மெதுவா அவ விரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டுட்டு, அப்புறம் புடுங்குனான். எல்லாத்தையும் கோணிப் பையில போட்டுக் கட்டித் தோள்ல தூக்கினு எறங்கிப் போயிட்டான்.

அன்னைக்கு வரல. மறுநாளும் இல்ல. போன் அடிச்சா எடுக்கல. மூணாவது நாள் ஜெரி எடுத்தான்.

"அண்ணி, அண்ணன் இங்கதான் கீறாரு. வேலைக்கு இங்கேந்தே போறாரு. நீங்க பேஜாராவாதீங்க."

ஆறாவது நாள் ஞாயித்துக்கிழமை. அவ சர்ச்சுப் பூசைக்குப் போகல. கொருக்குப்பேட்டையில எறங்கி, இருபது வருஷமாக் கேட்டு மட்டுமே தெரிஞ்ச அந்த எடத்தத் தேடிப் போனா. மதிலுக்குப் பின்னால நெழலுக்கு ஒரு மரம் கூட இல்ல, வெறும் ஜல்லி. நாலஞ்சு பேர் இருந்தாங்க. அவளப் பாத்ததும் ஜெரி பீடியக் கீழ போட்டுட்டு மத்தவங்களக் கூட்டிக்கினு அந்தாண்ட போனான். வால்டர் மட்டும் உக்காந்திருந்தான். தாடி ஏறியிருந்துச்சு. கோவமா இல்ல. அவன் கண்ணு அவ மேல நின்னுச்சு, ஆனா தூரமா.

"சாப்ட்டியா?"ன்னு கேட்டான்.

"ம். வூட்டுக்கு வாய்யா."

"வூட்ல இன்னா கீது?"

குத்திக் கேக்கல. நெசமாவே தெரியாமதான் கேட்டான். அவளுக்கு அது அவன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. பதில் சொல்ல வாயத் தெறந்தா. செடி இல்ல, பொண்ணு இல்ல. நான் கீறேன்னு சொல்லணும். ரெண்டே வார்த்த, சின்னப் பேச்சு. ஆனா இருபத்தொரு வருஷத்துல அவ இருக்குறது அவன ஒரு சாயங்காலம் கூட வீட்டுக்கு இழுத்துனு வந்ததில்லன்னு அவளுக்குத் தெரியும். செடிக்காக வந்தவன் அவ பக்கத்துல உக்காந்திருந்தான், அவ்ளோதான். கூட்ஸ் வண்டி ஒண்ணு எரைச்சலா வந்து, ரொம்ப நேரம் போயிக்கினே இருந்துச்சு. அது போற வரைக்கும் சொல்லாம இருக்க அவளுக்கு ஒரு சாக்கு கெடச்சுது. வண்டி போச்சு. அப்பவும் சொல்லல.

அவ திரும்பினா. நாலு எட்டு வெச்சிருப்பா.

"மே," பின்னாலேந்து கூப்டான். அவ நின்னு திரும்புனா.

"லைன் மேல எறங்காத. வண்டி வந்துகினே கீது. பாலம் ஏறிப் போ."

அவ சரின்னு தலையாட்டுனா. பாலத்துப் படியில ஒவ்வொண்ணா ஏறுனா. ஒவ்வொரு படியிலயும் கம்பியப் புடிச்சுக்கினு.