நாலாவது ஷரத்து

தமீம் அன்சாரி எந்தக் காகிதத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. இடது ஓரமாக ஓடி வருகிற எப்பேர்ப்பட்ட ஆளையும் மறித்துப் பந்தைப் பிடுங்கிவிடுவான். நாற்பத்தொரு பக்க இங்கிலீஷ் ஒப்பந்தம் எதிரே வந்தால் மட்டும் ஒதுங்கி நின்று வழிவிட்டுவிடுவான். படிக்கிற வேலை அவன் மனைவி ஷாசியாவுடையது. அவள் படித்து முடித்து ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தால் போதும், அவன் பேனாவைத் திறந்துவிடுவான்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், ஹாஸ்டல்களுக்குப் போகிற ரோட்டில், ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் என்று போர்டு மாட்டிய சின்னக் கடை அவளுடையது. பி.எச்டி. பிள்ளைகளின் ஆராய்ச்சிகளை டைப் அடித்தே எறால் நோயிலிருந்து சோழர் கல்வெட்டு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தாள். எதையும் இரண்டு தடவை படிக்காமல் பிரின்ட் கொடுக்க மாட்டாள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சீசன் முடிந்து லீவில் ஊருக்கு வந்திருந்த தமீமை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இளவரசு அந்தக் கடைக்கு வந்தான். இருவரும் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒன்றாகப் பந்து உதைத்தவர்கள். இளவரசுக்கு ஆட்டம் வரவில்லை, பேச்சு வந்தது. இப்போது ஆட்டக்காரர்களுக்காக க்ளப்புகளிடம் பேசிக் கொடுக்கிற ஏஜென்ட். தமீம் ஆடுகிற கோவா க்ளப்போடு பேசுவதும் அவன்தான்.

"தங்கச்சி, நீயே சொல்லு," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். "மூணு வருச காண்ட்ராக்ட்டு. ஒண்ணு முடிஞ்சிடுச்சு. இவன் கையெழுத்து போட்டப்ப முட்டியில ஆபரேசன் ஆகி வந்தவன், கெடச்சது போதும்னு போட்டான். இந்த சீசன் இருபத்தி நாலு மேட்ச்சுல இருபத்தி மூணு ஆடியிருக்கான். இவனுக்கு அப்பறம் வந்த ரைட் பேக்குக்கு இவனப் போல ரெண்டு மடங்கு சம்பளம். இப்ப மாத்திக் கேக்காம எப்பக் கேக்கறது?"

"இன்னும் ரெண்டு வருசம் இருக்குல்லண்ணே. அது முடியட்டும். அப்பறம் புதுசா பேசுங்க."

"அதுக்குள்ள முட்டி மறுபடி போச்சுன்னா? ஆறு மாசம் ஆடலன்னா அவுங்க பாதியிலயே அனுப்பலாம்னு அதுல எழுதியிருக்குது. நீதான படிச்சுச் சொன்ன. அவுங்க மட்டும் பாதியில மாத்தலாம், நாம கேக்கக் கூடாதா?"

"மச்சான் ஒத்துக்கினுதான போட்டாங்க? கையெழுத்து போட்டுட்டு, நடுவுல வந்து எனக்குப் பத்தலன்னு நிக்கறது நல்லா இல்லண்ணே. முடியற வரைக்கும் வாய மூடினு இருக்கறதுதான் மரியாத."

தேவைக்கு மேல் சூடாகச் சொல்லிவிட்டாள். பைண்டிங் மெஷினில் இருந்த எழிலரசி, அவளிடம் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"உடு மாமா," என்றான் தமீம், நண்பனின் தோளைத் தட்டி. "ஷாசியா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"வெள்ளிக்கிழமையோட பட்ஜெட்டு மூடிடுவாங்க. அதுக்குள்ள லெட்டர் போவலன்னா அப்பறம் என்னத் திட்டாதீங்க." இளவரசு முறுக்கிக்கொண்டு கடலூருக்கு வண்டியைக் கிளப்பினான்.

ஷாசியாவுக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். க்ளப்புக்காக அவள் பரிந்து பேசவில்லை. அவளுடைய மனதில் இருந்தது வேறொரு ஒப்பந்தம்.

அவள் குடும்பத்தில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டில்தான் இருப்பாள். சிங்கப்பூர், துபாய் என்று சபர் போகிற மாப்பிள்ளைதான் வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து போவார். பழக்கம் அப்படி இருந்தும், ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஷாசியாவுக்கு அது போதவில்லை. கடை போட்டு எட்டே மாசம் ஆகியிருந்த நேரம். மாப்பிள்ளை ஊர் ஊராகப் பந்து ஆடுகிறவன், நாளைக்கு 'கிளம்பு' என்றால் கடை என்ன ஆவது? நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை தருகிற மஹரோடு சேர்த்து ஷரத்து என்று ஒரு நிபந்தனையையும் ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேடான தஃப்தரில் எழுத வைத்தாள். கணவர் ஆட்டத்தை விட்டு ஊர் திரும்பும் வரை மனைவியைத் தாய் வீட்டிலிருந்து வெளியூருக்கு அழைக்கக் கூடாது. நிக்காஹ் ஓதி வைத்த ஹஜ்ரத் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உம்மா சலீமா பீவி, மகள் வாயை அடக்க முடியாமல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். தமீம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான்.

இன்றுவரை அவன் அதை மீறவில்லை. ஒரு நாள், ஒரு பேச்சுக்குக்கூட 'வாயேன்' என்றதில்லை. மீறினால் சண்டை போடலாம், சண்டையில் மனசு மாறிவிட்டதாகக் காட்டிக்கொள்ளலாம். இப்படி ஒழுங்காக நடந்துகொள்கிற மனுஷனை என்ன செய்வது? அவள் மனசு மாறி நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவனுக்கு இருபத்தெட்டு வயது. இன்னும் ஆறேழு வருஷம் ஆடுவான். தானே சொல்லி எழுத வைத்ததைத் தானே போய் மாற்றச் சொன்னால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? நிக்காஹ் ஆன நாலாம் மாசமே அவன் இல்லாமல் ஏங்கிப் போனவள், தலையணைக்குச் சொன்னாளே தவிர அவனுக்குச் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தமீம் வீடு திரும்பியதும் அவர்கள் மகள், நாலு வயது சாய்ரா, தண்ணீர் கொண்டுவந்தாள். விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் வைத்திருக்கிற பூப்போட்ட கண்ணாடி டம்ளரில், தட்டு வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுவந்தாள்.

"குடிங்க வாப்பா," என்றாள். அவன் குடித்து முடிக்கிற வரை நின்றுவிட்டு, பெரியவர்கள் கேட்கிற மாதிரியே மரியாதையாகக் கேட்டாள். "எப்ப போவீங்க?"

"ஜூலை ரெண்டாம் தேதிம்மா," என்றான் அவனும் மரியாதையாக.

ஷாசியா சமையல்கட்டுக்குள் போய், நறுக்க வேண்டியதில்லாத வெங்காயத்தை நறுக்கினாள். பெற்ற பிள்ளை வாப்பாவை விருந்தாளியாக உபசரிக்கிறது. இதை எழுத வைத்ததும் அவள்தான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கும்போது அவனும் வந்தான். ஒரு சட்டையை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"கையெழுத்து போட்டா அப்பறம் மாத்தவே கூடாதா ஷாசியா?"

"கூடாதுன்னு இல்ல. ரெண்டு பக்கமும் சம்மதிச்சா எப்ப வேணா மாத்தலாம்னு உங்க காண்ட்ராக்ட்டுலயே இருக்குது."

"அப்பறம் ஏன் கேக்க வேணாம்ன?"

"கேக்கறவங்களுக்கு அசிங்கம்தான?"

"அசிங்கம் இன்னா இருக்குது. பயம்னு சொல்லு. கேட்டு, இல்லன்னுட்டா?"

"உங்களுக்குப் பயமா?"

"ஜாஸ்தி," என்றான்.

அவன் க்ளப்பைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு தடவை படிக்காமல் எதையும் நம்பாதவள், புருஷன் முகத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. யாருடைய மூன்றாம் அத்தியாயத்தையோ இன்னொருவர் ஆராய்ச்சிக்குள் வைத்து பைண்டிங்குக்குக் கொடுத்தாள். நல்லவேளையாக எழிலரசி பார்த்தாள். மத்தியானம் இளவரசுக்கு போன் போட்டு, "என்னென்ன கேக்கணும்னு சொல்லுங்கண்ணே, டைப் அடிக்கறேன்," என்றாள். அவள் மனசு மாறிய காரணத்தை அவன் கேட்கவில்லை. உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ஒன்று, சம்பள உயர்வு. இரண்டு, ஆடுகிற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தனித் தொகை. மூன்று, காயம் பட்டால் முழுச் சிகிச்சையும் க்ளப் செலவு, அதைக் காட்டி நடுவில் அனுப்பக் கூடாது.

ஷாசியா மூன்றையும் அடித்தாள். பிறகு நாலு என்று எண் போட்டாள். ஒரு வரி அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள்.

"எழில், கடைய நீ பாத்துப்பியா?"

"ரெண்டு நாளுக்காக்கா?"

"ரெண்டு நாள் இல்ல."

எழிலரசி திரையை எட்டிப் பார்த்தாள். அதைப் படிக்கிற அளவு இங்கிலீஷ் அவளுக்குத் தெரியும். "மெஷின நான் பாத்துக்கறேன். தீசிஸ மெயில்ல அனுப்புறேன், அங்கேர்ந்து திருத்தி அனுப்புங்க. பசங்க இப்பவே பாதிப் பேரு மெயில்லதானக்கா அனுப்புறாங்க? இத மூணு வருசமா நான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்," என்றாள்.

வியாழக்கிழமை தமீம் கடலூர் முதுநகரில் தன் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தான். அங்கே போனால் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் இருப்பான். ஷாசியா காகிதத்தைக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். புதுச்சத்திரம் வருவதற்குள் பன்னிரண்டு தடவை படித்துவிட்டாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

அவளை மணலில் பார்த்ததும் தமீம் பந்தைப் பையன்களிடம் தள்ளிவிட்டு ஓடி வந்தான். "இன்னா ஷாசியா? சாய்ராவுக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல. கையெழுத்து வேணும்."

அவன் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினான். ஓரத்தில் டிக்கைத் தேடினான். "நீ இன்னும் படிக்கலியா?"

"இத நீங்கதான் படிக்கணும் மச்சான். படிச்சுட்டுப் போடுங்க."

அவன் விரலை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உதடு அசைய, ஒவ்வொரு வரியாக இறங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் விரல் நின்றது. வீரரும் அவர் மனைவியும் மகளும் சேர்ந்து வசிப்பதற்கு மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு.

"இது இளவரசு சொன்னதா?"

"இல்ல. நான் சேத்தது."

"தஃப்தர்ல வேற மாதிரியில்ல இருக்குது," என்றான் மெதுவாக.

"அது நான் எழுத வச்சது. நான்தான் இப்ப மாத்திக் கேக்கறேன். பாதியில வந்து கேக்கறேன், அசிங்கம்தான். எனக்கு உங்களோட இருக்கணும் மச்சான். எம் புள்ள உங்கள எப்ப போவீங்கன்னு கேக்கக் கூடாது. உங்களுக்குச் சம்மதம் இல்லன்னா நாலாவத அடிச்சிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தமீம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையன்கள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் பாட்டுக்கு ஆடப் போனார்கள்.

"நா ஒண்ணே ஒண்ணுதான் படிச்சுப் போட்டேன் ஷாசியா. ஹஜ்ரத்தக் காக்க வச்சு அந்த வரிய ரெண்டு தரம் படிச்சேன். நீ எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். அத மீறினா அப்பறம் நா இன்னா ஆளு?" அவன் காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினான். "முடியறதுக்கு முன்னாடி மாத்திக் கேக்கலாமான்னு அஞ்சு வருசமாத் தெரியல. எல்லாத்தையும் உங்கிட்டதான் கேப்பேன். இத யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

ஷாசியா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு வரியை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஐந்து வருஷம் கட்டிக் காத்திருக்கிறார்களே, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவன் பேனாவைத் திறந்தான். கையெழுத்துப் போடப் போகிறான் என்று பார்த்தால், முதல் வரிக்குப் போய்ச் சம்பள உயர்வை அடிக்கப் போனான். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்றீங்க?"

"எல்லாத்தையும் கேட்டா எல்லாத்துக்கும் இல்லன்னுடுவான். வீடு மட்டும் போதும். மத்தத அடிச்சிடறேன்."

"நல்லா அடிப்பீங்க! அவன் வீடு தரலன்னா நாமளே வாடகைக்குப் பாக்கலாம். சம்பளத்த அடிச்சிட்டா வாடகைய யாரு குடுப்பா? நாலையும் கேளுங்க. இருபத்தி மூணு மேட்ச்சு ஆடின காலு மச்சான் இது, சும்மாவா?"

செவ்வாய்க்கிழமை எதை மரியாதை என்றாளோ அதை வியாழக்கிழமை அவளே தூக்கிப் போட்டாள். அவன் நாலையும் விட்டுவைத்து, கீழே, கோணலாக, மணல் ஒட்டிய கையால் கையெழுத்துப் போட்டான்.

பத்து நாள் கழித்து இளவரசு கடைக்கு போன் பண்ணினான். தமீம் ஸ்பீக்கரில் போட்டான். சம்பளம் கேட்டதில் பாதி ஏற்றித் தருகிறார்கள். மேட்ச்சுக்குத் தனித் தொகை கிடையாது. காயத்துக்குச் சம்மதம். "நாலாவதுதான் எனக்கே தெரியாம இருந்துச்சு, பரவால்ல, அதுக்கும் சரின்னுட்டாங்க. வீடு எப்பலேர்ந்து வேணும்னு கேக்கறாங்க. இன்னா தேதி எழுதட்டும்?"

தமீம் ஷாசியாவைப் பார்த்தான். அவள் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அஞ்சு வருசத்துக்கு முன்னாலேர்ந்துன்னு எழுத முடியுமா?"

"வெளயாடாத தங்கச்சி. முன்தேதியெல்லாம் போட முடியாது. நடந்து போனதுக்கு யாரு வீடு குடுப்பா?"

தமீம் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் தோளோடு தோள் ஒட்டி நின்று சொன்னான்.

"ஜூலை ரெண்டுன்னு எழுது மாமா. மூணு பேரும் ஒண்ணாத்தான் வர்றோம்."