கோர்வைக்கு ஒரு கை

மயில்வாகனத்தின் முகம் செக்கச்செவேல் என்று ஆனதிலிருந்து பிள்ளையார்பாளையத்துப் பெண்களுக்கு ஒரே பொறாமை. "உங்க வூட்டுக்காரருக்கு என்னா ரத்தம்மா!" என்று ஏலவார்குழலியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அந்த ரத்தம்தான் அவனுக்கு எமன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வாள்? ரத்தம் இல்லை என்று டானிக் குடிக்கிற ஊரில், ரத்தம் கூடிப்போச்சு என்று அழுதால் சிரிக்க மாட்டார்களா?

சென்னைக்கு அனுப்பிய பரிசோதனையின் முடிவு வந்ததும் டாக்டர் ஸுபத்ரா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அது 2006.

"எலும்புக்குள்ளதான் ரத்தம் ஊறுது. அங்க ஜாக்-டூன்னு ஒரு நொதி இருக்கு. ரத்தம் வேணும்னா சிறுநீரகம் ஹார்மோன் வழியா சொல்லி அனுப்பும். அந்தச் சேதியைச் செல்லுக்குள்ள கொண்டுபோறதுதான் இதோட வேலை. இவருக்கு அது மாறிப்போச்சு. சேதியே வராட்டியும் 'சிவப்பணு செய், செய்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. ரத்தம் கெட்டியாகி மூளையில அடைச்சா பக்கவாதம், உயிருக்கே கூட ஆபத்து. மாத்திரை தரேன். அப்பப்போ ரத்தமும் எடுத்துவிடணும்."

மாத்திரையை வாங்கிக்கொண்டான். ரத்தம் என்றதும் எழுந்துவிட்டான்.

"எடுத்துட்டா கையில பலம் ஏது? அப்பால தறியில நாடாவ டாக்டரா வந்து எறிவாங்க?" வழிநெடுக இதே பாட்டு. குழலி கெஞ்சினாள், அழுதாள், காமாட்சி மேல் ஆணையிட்டாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

மறுநாள் காலை தறியில் இறங்கியவன், "வாம்மா" என்றான். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கும் ஒரு கரைக்கும் அவன் நாடா எறிவான். மறு கரைக்கு அவள். கல்யாணமான நாளிலிருந்து அது அவள் இடம்.

"மொதல்ல போயி ரத்தம் எடுத்துக்கங்க. அப்பால ஒக்கார்றேன்."

"கல்யாணச் சேலைடீ இது!"

"யார் கல்யாணமா இருந்தா எனக்கென்னா? எனக்குப் புருஷன் வேணும்."

அவனும் சளைத்தவனில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டித் தனியாகவே நெய்தான். அடுப்படியில் நின்றவளுக்குப் போய் உட்கார்ந்துவிடலாமா என்று கால் பரபரத்தது. அவள் போகவில்லை.

மதியம் தறிச் சத்தம் நின்றது.

"குழலி! எடது பக்கம் கரையே தெரியலமா. பாதிக் கண்ணு இருட்டிக்கினு இருக்குது."

அவள் போட்டது போட்டபடி ஓடினாள். ஆட்டோவில் போகும்போதே பார்வை திரும்பிவிட்டது. "இது பக்கவாதத்துக்கு எச்சரிக்கைதான்" என்றார் டாக்டர். ஊசி குத்தியதும் குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாய், மெதுவாக இறங்கியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் பிடிவாதம்தான் இவனை இங்கே கொண்டுவந்து தள்ளியதோ என்று அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் பையில் ரத்தம் ஏற ஏற அவளுக்கு மூச்சு லேசாக வந்தது.

"இதோட முடிஞ்சிதா டாக்டர்?" என்று கேட்டான்.

"இல்லீங்க. அந்த நொதி நிக்காது. நாமளும் விடாம பாத்துக்கிட்டே இருக்கணும்." டாக்டர் குழலியின் பக்கம் திரும்பினார். "அடுத்தது எப்ப வரணும்னா..."

"எங்கிட்ட சொல்லுங்க டாக்டர்," என்றான் மயில்வாகனம். "அவகிட்ட சொன்னா தறிய நிறுத்திடுவா."